கண் எடுக்கும் இரண்டு வினாடி

டொராண்டோவின் மேற்குப் பக்கம், பார்க்டேல் வழியாக ஓடும் குயின் தெருவில் ஸ்ட்ரீட்கார் தண்டவாளம் தெருவின் நடுவில் கிடக்கிறது. வண்டி நடுத்தெருவிலேயே நின்று கதவைத் திறக்கும். இறங்குகிறவர் நடைபாதையை எட்ட வேண்டுமானால் இடையில் உள்ள தடத்தை நடந்துதான் கடக்க வேண்டும். கார்கள் வருவதும் அதே தடத்தில்தான். ஆகவே ஒன்டாரியோ சட்டத்தில் இதற்கென்று ஒரு விதி இருக்கிறது: ஸ்ட்ரீட்கார் நின்று ஆட்கள் ஏறி இறங்கும்போது, பின்னால் வரும் வண்டி கதவுக்கு இரண்டு மீட்டர் இப்பாலேயே நின்றுவிட வேண்டும். மீறினால் உரிமத்தில் மூன்று புள்ளி விழும்.

இப்போது ஓடும் ஃப்ளெக்சிட்டி வகை ஸ்ட்ரீட்காரின் நீளம் 30 மீட்டர், நான்கு கதவுகள். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் கார் வினாடிக்கு 11 மீட்டர் போகும். ஓட்டுகிறவர் இரண்டு வினாடி கண்ணை எடுத்தால் 22 மீட்டர். ஸ்ட்ரீட்காரின் பின்முனையில் கண்ணை எடுத்தவர் திரும்பப் பார்க்கும்போது அதன் முக்கால்வாசி நீளத்தைத் தாண்டியிருப்பார். அதற்குள் எந்தக் கதவு திறந்தது, யார் காலை எடுத்து வைத்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வழியில்லை.

இரண்டு வினாடி என்பது நான் வசதிக்காக எடுத்துக்கொண்ட எண் அல்ல. காரின் நடுவே பதித்திருக்கும் திரையில் பாட்டு, வானொலி, பாட்காஸ்ட் செயலிகளை எப்படி அடுக்குவது, ஒரு பட்டியலில் எத்தனை வரி வைப்பது, எத்தனை படி உள்ளே போக விடுவது என்றெல்லாம் யோசிக்கும் ஒரு துறை இருக்கிறது. அந்தத் துறை முழுவதும் இந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது. வரைபடம் பார்த்து ஊருக்குப் போகும் வழியைப் பற்றி இங்கே பேசவில்லை. திரைக்குள்ளே ஒரு பாட்டைத் தேடிப் போகும் வழியைப் பற்றித்தான் பேச்சு.

எண் வந்த கதை இது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் 100 கார்களில் கேமராவும் உணரிகளும் பொருத்தி, மக்கள் வழக்கம்போல ஓட்டுவதைச் சுமார் ஓராண்டு பதிவு செய்தார்கள். விபத்துகளையும், மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள். 2006-ல் வெளியான அவர்களின் பகுப்பாய்வு சொன்னது: சாலையை விட்டுக் கண் விலகிய நேரம் மொத்தமாக இரண்டு வினாடியைத் தாண்டினால், ஆபத்து குறைந்தது இரண்டு மடங்காகிறது. அதற்குக் கீழே உள்ள சின்னச் சின்னப் பார்வைகள் அவ்வளவு கெடுதல் செய்யவில்லை. கண்ணாடியைப் பார்ப்பது, வேகமானியைப் பார்ப்பது போன்றவை ஓட்டுவதன் ஒரு பகுதிதானே.

2013-ல் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் இதை ஒரு வழிகாட்டியாக்கியது. ஒரு வேலையை, உதாரணமாக ஒரு பாட்டைத் தேர்ந்தெடுப்பதை, முடிக்க ஒவ்வொரு பார்வையும் பெரும்பாலும் இரண்டு வினாடிக்குள் இருக்க வேண்டும். எல்லாப் பார்வைகளும் சேர்ந்து 12 வினாடிக்குள் அடங்க வேண்டும். சோதிக்கும் முறை சுவாரசியமானது. 24 பேரை ஓட்டுநர் சிமுலேட்டரில் உட்கார வைப்பார்கள். அவர்களில் 21 பேராவது இந்த வரம்புக்குள் வேலையை முடிக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வேலை ஓடும் வண்டியில் செய்யத் தகாதது. இன்னொரு முறையில், ஒன்றரை வினாடி திறந்து ஒன்றரை வினாடி மூடிக்கொள்ளும் கண்ணாடியை மாட்டிவிட்டுத் திரையை இயக்கச் சொல்வார்கள். மூடியிருக்கும் நேரம்தான் சாலையைப் பார்க்கும் நேரம். இந்தக் கண்ணாடியோடு வீட்டில் உங்கள் போனில் ஒரு பாட்டைத் தேடிப் பார்த்தால் தெரியும், போன் செயலிகள் எவ்வளவு நம் கண்ணை உரிமையோடு எடுத்துக்கொள்கின்றன என்று. கனடாவின் போக்குவரத்துத் துறையும் 2019-ல் காட்சித் திரைகளுக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. எல்லாமே வழிகாட்டிகள்தாம், கட்டாயமில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவோம்.

ஏன் இரண்டே வினாடி? கண்ணின் கட்டமைப்பைப் பார்த்தால் விளங்கும். எழுத்தைப் படிக்கும் அளவு கூர்மை விழித்திரையின் நடுவில் ஒரு சிறு குழியில் மட்டும் உண்டு. அது பிடிக்கும் பரப்பு ஏறத்தாழ இரண்டு பாகை. கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு, அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் அசைவையும் நிழலையும் உணரும், படிக்காது. திரையில் 12 வரி இருந்தால் கண் அதை ஒரே மூச்சில் பார்ப்பதில்லை. துள்ளித் துள்ளி ஒவ்வொரு வரியாகப் பிடிக்கிறது. இதற்கு முன்பே கண்வில்லை தூரத்திலிருந்து கிட்டத்துக்குத் தன் வளைவை மாற்றிக்கொள்ள வேண்டும், திரும்பும்போது மறுபடி தூரத்துக்கு. இளைஞருக்கு இது தெரியாமலே நடந்துவிடும். நாற்பத்தைந்தைத் தாண்டினால் வில்லை விறைக்கிறது. பல்நோக்குக் கண்ணாடி போட்டவர் முகவாயைத் தூக்கிக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்ப்பார். அந்த நேரத்தில் சாலை அவர் பார்வையிலிருந்து கிட்டத்தட்ட முழுதாகவே போய்விடுகிறது.

பார்க்டேலை எடுத்துக்கொண்டால் இது வெறும் பாடப்புத்தகச் செய்தி அல்ல. 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களில் பலர் ஜேம்சன் அவென்யூவின் அடுக்குமாடிகளில் குடியேறினார்கள். பின்னர் பெரும்பான்மையோர் ஸ்கார்பரோவுக்கும் அதற்கு அப்பாலும் நகர்ந்துவிட்டார்கள். இன்று பார்க்டேலின் அடையாளம் திபெத்தியர்களும் மோமோ கடைகளும். அன்று இருபதுகளில் வந்து இறங்கியவர்களுக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. அவர்கள் ஓட்டுவது பத்து, பன்னிரண்டு அங்குலத் திரை வைத்த கார்கள். அதே ஜேம்சன் அவென்யூவின் தென்கோடியில் கார்டினர் விரைவுச்சாலை போகிறது. ஹம்பர் ஆற்றிலிருந்து ஜேம்சன் வரையான அதன் முதல் பகுதி 1958-ல் திறக்கப்பட்டது. பார்க்டேலை ஏரிக்கரையிலிருந்து துண்டித்ததும் அதுதான். அந்தச் சாலையில் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போகிறவர் இரண்டு வினாடி கண்ணை எடுத்தால் 50 மீட்டர் பார்க்காமல் ஓட்டியிருப்பார்.

சரி, இந்தக் கணக்குகளை எல்லாம் வைத்துக்கொண்டு திரையை எப்படி வடிவமைக்கிறார்கள்?

முதலில் அவர்கள் செய்தது செயலி எழுதுகிறவர் கையிலிருந்து தூரிகையைப் பிடுங்கியதுதான். 2014-ல் ஆப்பிளின் கார்பிளே வந்தது; அதே ஆண்டு கூகுள் ஆண்ட்ராய்டு ஆட்டோவை அறிவித்தது. இரண்டிலும் பாட்டுச் செயலி தன் இஷ்டத்துக்குத் திரையில் எதையும் வரைய முடியாது. தன்னிடம் உள்ளதை ஒரு மரமாக ஒப்படைக்க வேண்டும். கிளையைத் தொட்டால் அடுத்த பட்டியல் திறக்கும். இலையைத் தொட்டால் பாட்டு ஒலிக்கும். எழுத்தின் அளவு, வரிகளுக்கு இடையே உள்ள இடைவெளி, பொத்தானின் இடம் ஆகியவற்றைக் கார்த்திரை அமைப்பே முடிவு செய்யும். போனில் தொடும் இடத்துக்கு கூகுள் பரிந்துரைக்கும் குறைந்த அளவு 48 அலகு, காரில் 76. குலுங்கும் வண்டியில், ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, தாங்கல் இல்லாமல் நீட்டிய கையின் விரல் குறிதவறும் என்பது அதற்குள் அடங்கியிருக்கிறது.

மரத்தின் உயரத்துக்கும் அகலத்துக்கும் வரம்பு உண்டு. மேல்வரிசையில் நான்கு தலைப்புகளுக்கு மேல் வைக்கக் கூடாது. கார்பிளேயில் பெரும்பாலான செயலிகள் ஐந்து படிக்குமேல் உள்ளே போக முடியாது. சில கார்களில் வண்டி ஓடும்போது பட்டியல் 12 வரியோடு நறுக்கப்பட்டுவிடும். இது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்கு தலைப்பு, ஒவ்வொன்றிலும் 12 வரி, அதற்குள் 12, அதற்குள் இன்னொரு 12. மொத்தம் 6,912 பாடல்களை எட்டிவிடலாம். ஒரு மனிதர் காரில் கேட்க இது தாராளம். ஆனால் நேரத்தையும் எண்ணுங்கள். ஒரு வரியைப் படிக்கக் கால் வினாடி என்று வைத்தால் ஒரு பட்டியலுக்கு மூன்று வினாடி. மூன்று பட்டியலுக்கு ஒன்பது. ஒவ்வொன்றிலும் விரல் குறிபார்த்துத் தொட ஒரு வினாடி. பன்னிரண்டும் தீர்ந்தது. ஒருமுறை தவறான வரியைத் தொட்டுப் பின்னால் வந்தால் வரம்பைத் தாண்டியாயிற்று.

பட்டியலை நகர்த்தும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. போனில் விரலால் தள்ளிவிட்டால் பட்டியல் வழுக்கிக்கொண்டு போய் எங்கோ நிற்கும். கையில் வைத்துப் பார்க்கும்போது இது சுகம். ஓட்டும்போது தொல்லை, கண்ணைச் சாலைக்கு எடுத்துத் திரும்பினால், விட்ட இடம் அங்கே இல்லை. மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த துவோமோ குயாலா 2013-ல் இதை ஓட்டுநர்களை வைத்துச் சோதித்தார். வழுக்கும் பட்டியல் பார்வையை அதிகம் தின்றது. பக்கம் பக்கமாகப் புரளும் பட்டியல் குறைவாகத் தின்றது. பக்கம் புரண்டால் நின்ற இடத்தில் நிற்கிறது. பாதியில் விட்டுவிட்டு வந்து தொடரலாம். பாதியில் விட முடிகிறதா என்பதுதான் கார்த்திரைக்கான உண்மையான தேர்வு என்று எனக்குப் படுகிறது. வேகம், அழகு எல்லாம் அதற்கு அடுத்தபடி.

வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்பதைத் திரை அறியும். சக்கர வேகமும் கியர் நிலையும் காருக்குள் ஓடும் கம்பி வலைப்பின்னல் வழியாக அதற்கு வந்துகொண்டே இருக்கும். நிறுத்தி வைத்த நிலை, எஞ்சின் ஓட நிற்கும் நிலை, நகரும் நிலை என்று மூன்றாகப் பிரித்து, நகரத் தொடங்கியதும் விசைப்பலகையைப் பூட்டும், காணொளியை மறைக்கும், நீண்ட எழுத்தை வெட்டும். டெஸ்லா கார்கள் சிலவற்றில் வண்டி ஓடும்போதே முன்திரையில் விளையாட்டு ஆட முடிந்தது. 2021 டிசம்பரில் அதே அமெரிக்கப் பாதுகாப்பு நிர்வாகம் சுமார் 5,80,000 கார்களைப் பற்றி விசாரணை தொடங்கியதும் நிறுவனம் அதை நிறுத்திக்கொண்டது. பக்கத்து இருக்கைக்காரர் ஆடத்தான் என்பது வாதம். கண் யாருடையது என்று திரைக்கு எப்படித் தெரியும்?

இதுவரை சொன்னது எல்லா மொழிக்காரருக்கும் பொது. தமிழ்ப் பாட்டு கேட்கிறவருக்கு மட்டும் ஒரு கூடுதல் வரி விழுகிறது.

மரத்தின் கிளைகள் எப்படிப் பிரிகின்றன என்று பாருங்கள். கலைஞர், அவருடைய ஆல்பம், அதில் பாடல். மேற்கத்திய இசைத்தட்டுக் கடையின் அலமாரி அடுக்கு இது. நாம் பாட்டை அப்படி நினைவில் வைப்பதே இல்லை. படத்தின் பெயரால் நினைக்கிறோம், இசையமைப்பாளரால் நினைக்கிறோம், பாடியவரால், சில நேரம் நடித்தவரால். எழுதியவர் பெயரைச் சொல்லிப் பாட்டுத் தேடுகிறவர்களும் உண்டு, கண்ணதாசன் பாட்டு என்று. 'கலைஞர்' என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் இவர்களில் யாரைப் போடுவது? ஒரு ஆல்பத்தில் இசையமைப்பாளர் இருப்பார், அடுத்ததில் பாடகி, இன்னொன்றில் ஏழு பெயர் காற்புள்ளியோடு. எஸ்.பி. பாலசுப்ரமணியம் என்ற கிளையைத் திறந்தால் அவர் தனியாகப் பாடியவை மட்டும் வந்து, ஜானகியோடு பாடியவை வேறு கிளையில் கிடக்கும் விசித்திரம் இதனால்தான்.

இளையராஜா 1976-ல் 'அன்னக்கிளி'யில் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தவர். பெயரைத் தொட்டதும் ஆயிரம் படத்தையும் வரிசையாகக் கொட்டினால், பக்கத்துக்கு 12 வீதம் எண்பது பக்கத்துக்கு மேல். ஓடும் வண்டியில் முதல் பன்னிரண்டு மட்டும் தெரியும். அவை எந்தப் பன்னிரண்டு என்பது செயலிக்காரர் புண்ணியம். அதையே எழுபதுகள், எண்பதுகள், தொண்ணூறுகள் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் நீங்கள் அடிக்கடி கேட்கும் படங்களை மேலே வைத்தால் இரண்டு தொடுதலில் வேலை முடியும். எண்பதுகளின் ராஜா வேண்டும் என்றுதானே மனமும் சொல்கிறது.

அடுத்தது, வரி வெட்டப்படும் இடம். திரையில் ஒரு வரிக்குக் கிடைக்கும் அகலம் குறைவு. மிஞ்சியதைப் புள்ளி வைத்து வெட்டிவிடுவார்கள். ஆங்கிலப் பாடலுக்குப் பெரும்பாலும் சின்னத் தலைப்பு இருக்கும். நம் பாடலுக்குத் தலைப்பு கிடையாது, பல்லவியின் முதல் இரண்டு மூன்று சொற்களே தலைப்பு. ஒரே மாதிரி தொடங்கும் பல்லவிகள் ஏராளம் என்பதால் எந்தப் படம் என்று அடைப்புக்குறிக்குள் கடைசியில் போடுகிறார்கள். வெட்டு விழுவது சரியாக அங்கேதான். அடையாளம் காட்டவேண்டிய படப் பெயர் போய், அடையாளம் காட்டாத பல்லவித் துண்டு மிஞ்சுகிறது. ஓட்டுகிறவர் என்ன செய்வார்? அட்டைப்படத்தைப் பார்ப்பார், தொட்டுக் கேட்டுப் பார்ப்பார், இல்லை என்று திரும்புவார். ஒவ்வொன்றும் ஒரு பார்வை.

எழுத்தை எண்ணுவதிலும் கோளாறு நடக்கும். இளையராஜா என்பது நம் கணக்கில் ஐந்து எழுத்து. யூனிகோடு கணினிக்குக் கொடுக்கும் குறிகள் எட்டு. ஐகாரமும் ஆகார நெடிலும் தனிக் குறிகளாகப் போகின்றன. எழுத்தின் எல்லை அறியாமல் குறிகளை எண்ணி வெட்டும் மென்பொருள், உயிர்மெய்யின் நடுவில் கத்தி வைத்து, காலையும் கொம்பையும் துண்டாக்கிவிடும். வரிசைப்படுத்துவதிலும் இதே கதை. குறி எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால், ரோமன் எழுத்தில் தொடங்கும் தலைப்புகள் எல்லாம் முதலில் வரும்; தமிழ் எழுத்தில் உள்ளவை பட்டியலின் அடியில் போய்க் கிடக்கும். 12 வரியோடு நறுக்கும் காரில், அடியில் கிடப்பது இல்லாததற்குச் சமம். போதாக்குறைக்கு யூனிகோடு வரிசையில் ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையிலும், னகரம் நகரத்தை ஒட்டியும் இருக்கின்றன. பள்ளியில் படித்த வரிசையை நம்பித் தேடுகிறவர் தவறிப்போவார். இவற்றுக்கெல்லாம் தீர்வு எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. மொழிவாரியாக வரிசைப்படுத்தும் விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பயன்படுத்தத்தான் ஆளில்லை.

சிலர் காரில் தமிழ் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரிகின்றன என்பார்கள். பெரும்பாலும் அது புளூடூத் வழியாகக் கேட்பவர்களுக்கு நேர்வது. கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டிலும் போன்தான் படத்தை வரைந்து காருக்கு அனுப்புகிறது. போனில் தமிழ் எழுத்துரு இருந்தால் திரையிலும் தமிழ் வரும். புளூடூத்தில் பாட்டின் பெயர் வெறும் எழுத்துக் குறிகளாகப் போகும். வரைய வேண்டியது கார். காரில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் கட்டங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, வாயால் சொல்லிவிட்டால் தீர்ந்ததே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் குரல் பக்கம்தான், ஆனால் அரை மனதோடு. 2020-ல் பிரிட்டனின் டி.ஆர்.எல். நிறுவனம் ஓட்டுநர்களைச் சிமுலேட்டரில் வைத்துப் பார்த்தது. கார்பிளேயைத் தொட்டு இயக்கியபோது எதிர்வினை நேரம் 57 சதவீதமும், ஆண்ட்ராய்டு ஆட்டோவைத் தொட்டபோது 53 சதவீதமும் கூடியது. குரலால் இயக்கியபோது முறையே 36, 30. முன்பு செய்த ஆய்வுகளில், சட்டம் அனுமதிக்கும் அளவு மது அருந்தியவருக்குக் கூடிய நேரம் 12 சதவீதம். வேறு வேறு ஆய்வுகளை நேருக்கு நேர் நிறுத்துவதில் எச்சரிக்கை வேண்டும்தான். ஆனாலும் குரல் கண்ணை விடுவிக்கிறது, மனத்தை விடுவிப்பதில்லை என்பது தெளிவு. சொன்னது புரிந்ததா என்று காத்திருக்கிறோம், தவறாகப் புரிந்தால் எரிச்சலோடு திருத்துகிறோம். ஆங்கிலத்துக்குப் பழகிய குரல் உதவியாளரிடம் தமிழ்ப் பெயர் சொல்லும்போது திருத்தம் விதியாகவே ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒரே பெயரை நாலு விதமாக எழுதிவைத்திருக்கிறோம். உதவியாளர் ஐந்தாவது விதமாகக் கேட்கிறது. நடைமுறையில் பலர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெள்ளைக்காரர் உச்சரிப்பில் நம் பாடகர் பெயரைச் சொல்லிப் பழகிவிட்டார்கள். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். வேலை நடக்கிறது.

இன்னொரு பக்கம், பழைய பொத்தான்கள். கார் வானொலியில் 1930களிலேயே அமுக்கினால் நிலையம் மாறும் பொத்தான்கள் வந்துவிட்டன. மூன்றாவது பொத்தான் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும், கண்ணுக்கு வேலையில்லை. டொராண்டோவில் 101.3-ஐ ஒரு பொத்தானில் பதித்துவைத்தவருக்குத் தமிழ் வானொலி ஒரு விரல் தூரம். எந்தப் பாட்டு வரும் என்பது அறிவிப்பாளர் கையில்; தேர்வு செய்யும் சுமை நமக்கில்லை. திரை இந்தப் பொத்தான்களை விழுங்கியபோது என்ன இழந்தோம் என்பதை ஸ்வீடனின் 'வி பிலேகாரே' பத்திரிகை 2022-ல் அளந்து காட்டியது. 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே, இருக்கைச் சூட்டைக் கூட்டுவது, வானொலி நிலையம் மாற்றுவது போன்ற சில வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பொத்தான் வைத்த 2005-ஆம் ஆண்டு வால்வோவில் பத்து வினாடியில், 306 மீட்டரில் முடிந்தது. மிக மோசமான திரைக்காரில் அதே வேலைக்கு 1,300 மீட்டருக்கு மேல் ஆயிற்று. பார்க்டேலில் டஃபரின் தெருவிலிருந்து ரான்செஸ்வேல்ஸ் வரை குயின் தெரு சுமார் ஒன்றரை கி.மீ.தான். ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் வைத்திருக்கும் நிபந்தனைப்படி, திரும்பும் விளக்கு, ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான் இல்லாத காருக்கு முழு ஐந்து நட்சத்திரம் கிடைப்பது கடினம். பாட்டு அந்தப் பட்டியலில் இல்லை. அது அத்தியாவசியமல்ல என்று கருதியிருப்பார்கள். தினமும் நாம் அதிகம் தொடுவது என்னவோ அதைத்தான்.

சட்டத்தின் நிலையும் விந்தையானது. ஒன்டாரியோவில் 2009 அக்டோபர் முதல் ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பது குற்றம்; சிவப்பு விளக்கில் நிற்கும்போதும்தான். 2019 ஜனவரி முதல், முதல் தடவையே 1,000 டாலர் வரை அபராதம், மூன்று புள்ளி, மூன்று நாள் உரிமம் முடக்கம். ஆனால் ஆறு அங்குலப் போனுக்கு உள்ள இந்தத் தடை, தொழிற்சாலையிலேயே பதித்து வந்த பதினைந்து அங்குலத் திரையைத் தட்டிக்கொண்டிருப்பவரைத் தொடுவதில்லை. அதன் விளைவாக அவர் தாறுமாறாக ஓட்டினால் கவனமின்றி ஓட்டிய குற்றத்தில் பிடிக்கலாம், அது வேறு. 12 வினாடி விதி கட்டாயமில்லை என்று முன்பு சொன்னேன் அல்லவா? அதன் பொருள் இதுதான்: திரைக்குள் வழியமைக்கிறவரின் நல்லெண்ணத்தைத் தவிர வேறு காவல் இல்லை. அதனால்தான் அந்த வடிவமைப்பை நான் அலங்கார வேலையாகப் பார்ப்பதில்லை, பாதுகாப்புப் பட்டையின் வரிசையில் வைக்கிறேன்.

ஒரு நல்ல கார்ச் செயலி எப்படி இருக்கும் என்று கேட்டால், என் தீர்ப்பு சுருக்கமானது. வண்டியைக் கிளப்பியதும் விட்ட இடத்திலிருந்து தானாகத் தொடர வேண்டும். அதனாலேயே பாதித் தேடல் ஒழிந்துபோகும். முதல் திரையில் அண்மையில் கேட்டவை வர வேண்டும், நிறுவனம் விற்க விரும்பும் புதுப் பாட்டு அல்ல. அடுத்த பாட்டுக்கு ஸ்டியரிங் பொத்தான் போதும். தேடுவதெல்லாம் நிறுத்தி வைத்த வண்டியில். இதில் எதுவும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை; கருவிகள் ஏற்கனவே இருக்கின்றன. தமிழுக்கென்று மீதி இருப்பது தரவைச் சீர்செய்யும் வேலை: படம், இசையமைப்பாளர், பாடியவர், எழுதியவர், ஆண்டு என்று தனித்தனிக் கட்டங்கள், தலைப்பில் படப் பெயர் முன்னால், வரிசை தமிழ் வரிசை. இதைச் செய்யப் பெரிய ஆய்வகம் வேண்டாம், பாட்டு தெரிந்த நாலு பேர் உட்கார்ந்தால் போதும்.

நீங்கள் மாதச் சந்தா கட்டும் செயலியில் கருத்து அனுப்ப ஓர் இடம் இருக்கும். படப் பெயரை முதலில் போடச் சொல்லி இரண்டு வரி எழுதிப் போடுங்கள். வண்டி நிற்கும்போது.